குளியல் உருண்டை நுரைப்பது தேசிக்காய் வாசத்தாலா?

நல்லூர்த் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மச்சாள், சொக்கிளேற் பைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சிறிய தோடம்பழம் அளவான உருண்டையை எடுத்து என் தம்பியின் மகளிடம் கொடுத்தார். வெளிறிய மஞ்சள் நிறம். மேலே காய்ந்த செம்மஞ்சள் இதழ்கள் பதிந்திருந்தன. மூக்கருகே கொண்டுபோனால் அப்போதுதான் தோல் உரித்த தோடம்பழத்தின் வாசம் அடித்தது. அங்கே இதனை 'பாத் பொம்', அதாவது குளியல் குண்டு, என்று சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் குண்டு என்ற சொல்லை விளையாட்டுப் பொருளுக்கு வைத்துச் சொல்ல அம்மாவுக்கு இன்றும் மனம் வருவதில்லை என்பதால், வந்த அன்றைக்கே அது 'குளியல் உருண்டை' ஆகிவிட்டது. இந்தக் கட்டுரையிலும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

உடலை நீட்டிப் படுத்துக் குளிக்கும் தொட்டி எங்கள் வீட்டில் இல்லை. கிணற்றடியில் வாளியால் அள்ளி வார்த்துக் குளிப்பதே வழக்கம். ஆகவே உருண்டையைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைப் பிளாஸ்ரிக் பேசினில் எடுத்த இளஞ்சூடான நீரில் போட்டு, கால்களை வைத்துப் பார்த்தோம். போட்ட கணமே சீறிக்கொண்டு நுரை எழுந்தது. உருண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து மெல்லச் சுழன்றது. இதழ்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன. மூன்று நான்கு நிமிடங்களில் எல்லாம் அடங்கி, மங்கிய மஞ்சள் நீரும் இதழ்களும் மட்டும் மிஞ்சின.

அந்த நான்கு நிமிடங்களுக்குள் மூன்று விளக்கங்கள் சொல்லப்பட்டன. "மாமி, தேசிக்காய், தோடம்பழ வாசம் இருக்கிறபடியால்தானே இது நுரைக்குது?" என்று மருமகள் கேட்டாள். நுரை தோலுக்குள் இருக்கும் நச்சையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும் என்று மச்சாள் தாம் கேள்விப்பட்டதைச் சொன்னார். அமிலம் போட்ட சாமான், காலைச் சுட்டுவிடும் என்று பக்கத்து வீட்டு அன்ரி பயந்தார். மூன்றுமே இந்தப் பொருளைப் பற்றி எங்கும் பரவலாகச் சொல்லப்படுகின்ற கருத்துகள்; மூன்றுமே பிழையானவை. நுரை, வாசம், இதழ் என்ற தனித்தனியான மூன்று சங்கதிகள் ஓர் உருண்டைக்குள் சேர்ந்திருப்பதால், ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் ஏற்றிவிடுகிறோம். அவற்றைப் பிரித்துப் பார்த்தாலே குழப்பத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கேத்தலின் அடியிலிருந்து தொடங்குவோம்

யாழ்ப்பாணத்தில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் எதனையும் திறந்து பார்த்தால், அடியில் சாம்பல் கலந்த வெள்ளைப் படையொன்று ஒட்டியிருக்கும். குடாநாட்டின் நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். மழைநீர் அதனூடாக வடிந்து கிணற்றுக்கு வரும்போது கல்லையும் சிறிது கரைத்துக்கொண்டு வருகிறது. நீரைக் கொதிக்க வைத்ததும் கரைந்து வந்த சுண்ணம் மீண்டும் கல்லாகப் படிகிறது. இந்தப் படையைப் போக்க எங்கள் வீடுகளில் செய்வது என்ன? பாதித் தேசிக்காயைப் பிழிந்து ஊற்றி ஊறவிடுவோம். அப்போது குனிந்து உற்றுப் பார்த்தால், படையின் மேல் ஊசிமுனை அளவான குமிழிகள் வரிசையாக எழுவதைக் காணலாம்.

குளியல் உருண்டையில் நிகழ்வதும் இதுவே, வேகம்தான் கூட. தேசிக்காய்ப்புளியில் (எலுமிச்சம் சாற்றில்) இருப்பது சித்திரிக் அமிலம். நீரில் கரையும்போது ஐதரசன் அயன் எனப்படும் மின்னேற்றம் கொண்ட நுண்துணிக்கைகளை விடுவிக்கும் பொருளை அமிலம் என்கிறோம்; நாவில் புளிப்பாகப் படுவது அவற்றின் வேலை. கேத்தலில் படிந்த வெள்ளைப் பொருள் கல்சியம் காபனேற்று. காபனும் ஒட்சிசனும் சேர்ந்த ஒரு கூட்டம் உள்ளே கட்டுண்டிருக்கும் உப்பு வகையே காபனேற்று. அமிலம் அதனோடு சேரும்போது அந்தக் கூட்டம் உடைந்து, காபனீரொட்சைட்டு என்ற வாயுவாக வெளியேறுகிறது. சோடாப் போத்தலைத் திறந்தால் சீறுவதும், பனங்கள்ளின் மேல் நுரையைத் தள்ளுவதும் இதே வாயுதான்.

உருண்டையில் கல்சியம் காபனேற்றுக்குப் பதிலாக, அதன் நெருங்கிய உறவான சோடியம் இருகாபனேற்று சேர்க்கப்படுகிறது. பெயர் நீளமாக இருந்தாலும் பொருள் நமக்குப் புதிதன்று. அப்ப மாவுக்குப் போடும் அப்பச்சோடாவேதான். சுண்ணக்கல் நீரில் எளிதில் கரையாது என்பதால் கேத்தலில் குமிழிகள் சோம்பலாக வருகின்றன. அப்பச்சோடா எளிதில் கரைவதால் பேசினில் சீறிப் பாய்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: உருண்டைக்குள் ஓர் அமிலமும் அப்பச்சோடாவும் உள்ளன, நீரில் இரண்டும் சந்திக்கும்போது காபனீரொட்சைட்டு வாயு பிறக்கிறது, நுரை என்று நாம் காண்பது அந்த வாயுவை.

பெட்டிக்குள் ஏன் சும்மா கிடக்கிறது?

அப்படியானால் ரொறன்ரோவிலிருந்து இங்கு வந்து சேரும் வரை அமிலமும் சோடாவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருந்தும் ஏன் நுரைக்கவில்லை என்ற கேள்வி எழும். பொங்கலுக்கென்று அரிசியையும் பயறையும் சுளகில் கலந்து வைத்தால் அவை அரிசியும் பயறுமாகவே கிடக்கும்; உலைநீரில் விழுந்த பிறகுதான் ஒன்றோடொன்று குழையும். உலர்ந்த நிலையில் அமிலத்தின் துணிக்கைகளும் சோடாவின் துணிக்கைகளும் தத்தம் பளிங்குகளுக்குள் இறுகிப் பூட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை விடுவித்து நடமாட விடுவது நீர். அமிலத்தின் ஐதரசன் அயன் அப்போதுதான் இருகாபனேற்றைப் போய்ச் சேர முடிகிறது. இவ்வாறு அமிலமும், அதற்கு எதிரான குணமுடைய காரமும் சந்தித்து ஒன்றன் கடுமையை மற்றொன்று தணிப்பதை நடுநிலையாக்கம் என்பர்.

எங்கள் ஊரில் இந்த உருண்டை கெட்டுப்போவதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் உப்புப் போத்தலே கசிந்து கட்டிபடும்போது, குளியலறை அலுமாரியில் திறந்து வைத்த உருண்டை காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள் மெல்ல நுரைத்து, மேலே பரு எழும்பி வெடிப்பு விடும். பிறகு நீரில் போட்டால் கரையுமே தவிரச் சீறாது. வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

உருண்டையாகப் பிடிப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு பனங்கட்டியை முழுதாகத் தேநீரில் போட்டால் நின்று கரையும். இடித்துப் போட்டால் உடனே கரைந்துவிடும். நீர் தொடக்கூடிய வெளிப்புறப் பரப்பு தூளில் கூட, கட்டியில் குறைவு. அமிலத்தையும் சோடாவையும் தூளாகவே கொட்டினால் எல்லாம் சில விநாடிகளில் பொங்கி அடங்கிவிடும். இறுக்கிப் பிடித்த உருண்டை தோல் தோலாகக் கரைந்து நிமிடக்கணக்கில் நீடிக்கிறது. பலரும் கொஞ்சம் சோளமாவைச் சேர்ப்பது, மாத்துணிக்கைகள் இடையில் நின்று தாக்கத்தை இன்னும் ஆறுதலாக்கும் என்பதற்காக. உருண்டை சுழல்வது, வாயு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வெளியேறாததால். காற்று ஊதிய பலூனைக் கட்டாமல் கைவிட்டால் காற்று போகும் திசைக்கு எதிராக அது ஓடுமல்லவா, அதே தள்ளுவிசை இங்கேயும் வேலை செய்கிறது.

இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். சீறுகிறது என்பதால் சூடாகும் என்று எண்ணுகிறோம். உண்மையில் இது குளிரும். உருண்டையில் ஒரு சிட்டிகையை உதிர்த்து உள்ளங்கையில் வைத்து, சில துளி நீர் விட்டுப் பாருங்கள். நுரை எழும் இடம் சில்லென்று இருக்கும். சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை உள்ளிழுத்து நிகழும் இத்தகைய மாற்றத்தை அகவெப்பத் தாக்கம் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. காலைச் சுடும் என்று அஞ்சிய அன்ரியின் கையிலும் ஒரு சிட்டிகை வைத்துக் காட்டினேன்; அதன் பிறகு அவரும் பேசினுக்குள் காலை வைத்தார்.

வாசம் வேறு, புளிப்பு வேறு

மருமகளின் கேள்விக்கு இப்போது வருவோம். பெட்டியில் 'சிட்ரஸ்' என்று எழுதியிருப்பதும், உள்ளே 'சித்திரிக்' அமிலம் இருப்பதும்தான் இந்த மயக்கத்தைத் தருகின்றன. பெயர்கள் ஒரே பழக்குடும்பத்திலிருந்து வந்தாலும் பொருள்கள் இரண்டு. பழத்தில் அவை இருக்கும் இடங்களும் இரண்டு. புளிப்பு சாற்றில் இருக்கிறது; வாசம் தோலில் இருக்கிறது.

தோடம்பழத் தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் புள்ளி புள்ளியான குழிகள் எண்ணெய்ப் பைகள். தோலை மடித்துக் குத்துவிளக்குச் சுடருக்கு நேரே பிதுக்கினால் சின்னச் சின்னப் பொறிகள் பறக்கும். மின்வெட்டு இரவுகளில் நாங்கள் சிறுவயதில் சலிக்காமல் செய்த விளையாட்டு அது. அந்தப் பொறிகள் சாற்றிலிருந்து வந்தவை அல்ல. சாற்றைத் தெறித்தால் சுடர் அணையும். எரிந்தது லிமோனீன் என்ற ஆவியாகும் எண்ணெய்ப் பொருள். தோடம்பழத் தோலெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இருப்பது அதுவே. இந்த எண்ணெய் சில துளி சேர்த்தால் உருண்டை மணக்கும், சேர்க்காவிட்டால் மணக்காது, ஆனால் இரண்டும் ஒரே அளவாக நுரைக்கும்.

அமிலத்தின் கதை இன்னும் சுவையானது. 1784 இல் சுவீடனில் வாழ்ந்த கார்ல் வில்லெம் ஷீலே என்ற மருந்தாளரே எலுமிச்சைச் சாற்றிலிருந்து சித்திரிக் அமிலத்தை முதன்முதலில் பளிங்காகப் பிரித்தெடுத்தார். அதன் பின் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பழச்சாறுதான் அதற்கு மூலமாக இருந்தது. 1917 இல் ஜேம்ஸ் கரி என்ற உணவு வேதியியலாளர், அஸ்பேர்ஜிலஸ் நைகர் எனும் கரும்பூஞ்சை சர்க்கரைக் கரைசலில் வளர்ந்து இதே அமிலத்தைத் திறமையாக உண்டாக்கும் என்று காட்டினார். 1919 இல் அமெரிக்காவின் பைசர் நிறுவனம் அதனைத் தொழிற்சாலை அளவில் தொடங்கியது. இன்று உலகில் விற்பனையாகும் சித்திரிக் அமிலத்தின் மிகப் பெரும்பகுதி பூஞ்சை செய்து தருவது. ஆகவே தோடம்பழ வாசம் வீசும் உருண்டையின் அமிலம் தோடம்பழத்தையோ தேசிக்காயையோ ஒருபோதும் கண்டிராததாக இருக்கலாம். மூலக்கூறு ஒன்றே என்பதால் இதில் குறையொன்றும் இல்லை.

அமிலப் பளிங்கு கிடைக்காதபோது தேசிக்காய்ப்புளியையே பிழிந்து சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் புளியில் சித்திரிக் அமிலம் ஏறத்தாழ 5, 6 சதவீதம்தான். மீதியில் மிகப் பெரும்பகுதி நீர். நீர் சேர்ந்த அந்தக் கணமே தாக்கம் தொடங்கிவிடும் என்பதால், உருட்டி முடிக்குமுன் நுரை முழுவதும் கைக்குள்ளேயே போய்விடும்.

தேசிக்காயைப் பற்றி ஓர் எச்சரிக்கையையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தேசிக்காயின் தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருள்கள் நம் தோலில் படிந்திருக்கும்போது கடும் வெயில் பட்டால், தீப்புண் போலக் கொப்புளித்து, பின்னர் மாதக்கணக்கில் கருந்தழும்பு நிற்கலாம். தோலை நசுக்கி எடுத்த தேசிக்காய் எண்ணெய்க்கு இக்குணம் உண்டு. ஆவியில் வடித்த தேசிக்காய் எண்ணெய்க்கும் இனிப்புத் தோடம்பழ எண்ணெய்க்கும் இது ஒரு பிரச்சினை அல்ல. வீட்டில் செய்பவர்கள் தோடம்பழ எண்ணெயையே தெரிவுசெய்வது நல்லது. பழைய எண்ணெயையும் தவிர்க்க வேண்டும். லிமோனீன் காற்றோடு சேர்ந்து பழுதாகும்போது தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள்கள் அதில் பிறக்கின்றன.

சுருக்கமாக, தோலின் எண்ணெய் மணத்தைத் தருகிறது. அமிலம் நுரையைத் தருகிறது. மணம் இல்லாமலும் நுரை வரும்.

இதழ்கள் என்ன செய்கின்றன?

அழகைத் தருகின்றன. மருந்துக் குணம் என்று பெட்டிகளில் எழுதப்படுவதை நான் நம்புவதில்லை, காரணமும் சொல்கிறேன். சித்திரைப் புத்தாண்டுக்குக் கோயிலில் தரும் மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகும் நமக்கு, நீரில் பூவைச் சேர்ப்பது புதிதன்று. தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், மஞ்சள், மிளகு, சுக்கு முதலியவற்றைச் சேர்த்துக் காய்ச்சி அதன் சாரத்தை இறக்குவதே மருத்துநீரின் முறை. உருண்டையில் ஒட்டிய நாலைந்து காய்ந்த இதழ்கள் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் மிதப்பதால் இறங்கும் சாரம் மிகச் சொற்பம். அதனை மருத்துநீரோடு ஒப்பிட்டுப் பேசுவது மருத்துநீரின் பக்குவத்தை அறியாத பேச்சு.

ஆனால் ஓர் இதழ் நமக்கு வேறு வகையில் உதவும். முற்றத்துச் செவ்வரத்தையின் சிவப்பு இதழை வெள்ளைக் கடதாசியில் தேய்த்தால் ஊதா சாய்ந்த கறை படியும். கறையின் ஓர் ஓரத்தில் தேசிக்காய்ப்புளி ஒரு துளியும், மறு ஓரத்தில் அப்பச்சோடா கரைத்த நீர் ஒரு துளியும் வைத்தேன். முதல் ஓரம் இளஞ்சிவப்பாகப் பளிச்சிட்டது. மற்றது நீலம் கலந்த பச்சைக்கு மாறியது. அமிலமா காரமா என்று நிறத்தால் சொல்லும் இத்தகைய பொருளைக் காட்டி என்பார்கள். மருமகள் அன்று பின்னேரம் முழுவதும் வீட்டிலுள்ள புளி, சவர்க்கார நீர், தயிர் என்று ஒவ்வொன்றாகத் துளி வைத்துக் கொண்டிருந்தாள்.

இதழைத் தெரிவுசெய்யும்போது ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள்: பூசைக்குப் பறிக்கிறோம் என்பதற்காக அலரிப்பூவைப் போட்டுவிடக் கூடாது. அலரியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு.

தோலுக்கு உண்மையில் நடப்பது

நுரை நச்சை இழுக்கிறது என்ற கருத்துக்கு ஆதாரம் இல்லை. உடலின் கழிவை வெளியேற்றும் வேலையைச் சிறுநீரகமும் ஈரலும் பார்த்துக்கொள்கின்றன; வெளியே எழும் வாயுக் குமிழிக்குத் தோலைத் துளைத்து எதையும் எடுத்துவரும் ஆற்றல் கிடையாது. கடைசியில் நீர் கலங்குவது சோளமாவாலும் நிறத்தாலும் எண்ணெயாலும்தான். உடலிலிருந்து வந்த அழுக்கு என்று காட்டப்படுவதும் இதுவே.

அமிலம் சுடும் என்ற பயமும் வேண்டாம். கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் சித்திரிக் அமிலத்தை முழுவதும் நடுநிலையாக்க ஏறத்தாழ 131 கிராம் அப்பச்சோடா போதும். வீட்டுச் செய்முறைகளில் பெரும்பாலும் ஒரு பங்கு அமிலத்துக்கு இரண்டு பங்கு சோடா சேர்க்கப்படுவதால், அமிலம் முழுவதும் செலவாகி, சோடாதான் மிஞ்சும். அதாவது பேசினில் கடைசியாக இருப்பது காரப் பக்கம் சற்றே சாய்ந்த நீர். நம் தோலின் மேற்பரப்போ இயல்பாகவே சிறிதளவு அமிலத்தன்மை உடையது. கொஞ்ச நேரம் கால் வைப்பதால் தீங்கில்லை. மணிக்கணக்கில் ஊறுவது தோலை உலர்த்தும். கரப்பன் உள்ளவர்களும், வாசனைப் பொருள்களுக்குத் தடிப்பு வருபவர்களும் தவிர்ப்பதே நல்லது. இடுப்பளவு நீரில் சிறுமிகளை இதற்குள் நெடுநேரம் உட்கார விட்டால் மறைவிடங்களில் எரிச்சல் வரக்கூடும் என்பதையும் தாய்மார் மனதில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் குளித்த பின் தோல் மென்மையாக இருப்பதாகப் படுவது ஏன்? முதற்காரணம், உருண்டையைப் பிடிக்கச் சேர்த்த எண்ணெய் மெல்லிய படலமாகத் தோலில் தங்குவது. எங்கள் ஊர் நீருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. கல்சியம் மிகுந்திருப்பதால் சவர்க்காரம் எளிதில் நுரைக்காத நீரை வன்னீர் என்கிறோம். யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றின் நீர் அத்தகையது. அமிலமும் சோடாவும் சேர்ந்தபின் மிஞ்சும் சோடியம் சித்திரேற்று என்ற உப்பு, நீரில் உள்ள கல்சியத்தைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும். வாயு அடங்கிய பின் அதே பேசினில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியபோது, வழக்கத்தைவிட நுரை கூடுதலாக வந்ததை நாங்கள் கண்டோம். இவ்வளவு பேசப்படும் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த குணம், எந்தப் பெட்டியிலும் எழுதப்படாத இந்தக் குணந்தான்.

குண்டு என்ற பெயர்

1989 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மோ கொன்ஸ்டன்டைன் என்பவர், நீரில் சீறிக் கரையும் அல்கா செல்ட்சர் மாத்திரையைப் பார்த்த எண்ணத்தில் இதனை உருவாக்கினார். பிற்பாடு லஷ் என்ற அழகுசாதன நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பெயரில் குண்டு இருந்தாலும், தீப்பிடிக்கவோ வெடிக்கவோ இதில் ஒன்றும் இல்லை. ஆபத்து ஒரே ஓர் இடத்தில்தான்: மூடிய போத்தலுக்குள். 100 கிராம் அமிலம் முழுவதும் தாக்கமுற்றால் நம் ஊர் வெப்பநிலையில் ஏறத்தாழ 39 லீற்றர் வாயு வெளிவரும். அதனைப் போத்தலில் அடைத்து மூடினால் அமுக்கம் ஏறிப் போத்தல் கிழியும். பிள்ளைகள் கைக்கு உருண்டையையும் நீர்ப் போத்தலையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு அப்பால் போகாதீர்கள்.

வீட்டில் செய்து பார்க்க

அப்பச்சோடா 200 கிராம், சித்திரிக் அமிலம் 100 கிராம், சோளமா 50 கிராம். மூன்றையும் உலர்ந்த கையால் கலந்து, உருக்கிய தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டியும் தோடம்பழ எண்ணெய் பத்துத் துளிகளும் விட்டுப் பிசறவும். கையில் பிடித்தால் புட்டுமா போல ஒட்டி, தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம். ஒட்டாவிட்டால் நீரை ஊற்றாமல் விரலால் தெளிக்கவும். சீறும் சத்தம் கேட்டால் கூடிவிட்டது என்று பொருள். சிறு கிண்ணத்தின் அடியில் இதழ்களைப் பரப்பி, மாவை இறுக அமுக்கி, கவிழ்த்து எடுத்து ஒரு நாள் நிழலில் உலர விட வேண்டும். மழை நாளில் இதைத் தொடங்காதீர்கள். பேசின் ஒன்றுக்குப் பாதி உருண்டை தாராளம்.

கடைசியாக, அந்த நீரை எங்கே ஊற்றுவது என்பது. கிணற்றடி நீர் வாய்க்கால் வழியே வாழைக்குப் போவதே எங்கள் வளவுகளின் வழக்கம். இந்த நீரில் சோடியம் இருக்கிறது. ஒரு தடவை போவதால் வாழை பட்டுவிடாது, வாராவாரம் போனால் மண் உவராகும். அன்று அம்மா பேசினைக் கிணற்றிலிருந்து விலகி வேலியோரம் கொண்டுபோய், பழைய வலைத் துணியொன்றின் ஊடாக ஊற்றினார். துணியில் தங்கிய இதழ்களை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, செவ்வரத்தையின் அடியில் போட்டுவிட்டு வந்தார்.